காப்பும் காவலும்



வெள்ளி விழாவில் பேசுவதற்கு எப்பொருளை எடுத்துக்கொள்கிறீர் எனச் செயற்குழுவினர் வினவியபோது, ‘சங்கத்தின் பாதுகாப்பு’ என்று விடை கூறினோம். சங்கத்தின் மனையையோ, நம் மக்களின் உரிமைகளையோ பற்றிப் பேசப்போகிறோம் என அவர்கள் கருதியிருக்கக்கூடும். நாம் கூற வந்தது அவற்றினும் எளியது. மாலை ஐந்தரை மணிக்கு நம் கட்டடத்துக்குள் நுழைகின்ற பிள்ளை, எட்டு மணிக்கு நுழைந்தபடியே வெளியே வரவேண்டும் என்பதே அது.

இக்கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், இளைஞர் இருவரை அழைத்து, இப்பந்தலின் பின்பக்கத்துத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கட்டிவிடுமாறு கேட்டுக்கொண்டோம். ‘பந்தலின் அழகு கெடுமே, ஐயா’ என்றார் ஒருவர். உண்மைதான், கெட்டுத்தான் போயிற்று. ஆனால் மூன்று பக்கமும் துணியால் மூடி, முன்னால் ஒரே வாயில் வைத்து, அந்த வாயிலின் ஓரத்திலேயே ஜெனரேட்டரையும் நிறுத்தி, உள்ளே முந்நூறு பேரை உட்கார வைத்திருந்தோம். 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அரியானா மாநிலத்து மண்டி டப்வாலி என்னும் ஊரில், ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா இத்தகையதொரு பந்தலில்தான் நடந்தது. பந்தல் துணியில் தீப்பற்றியது. வெளியேற வழி போதவில்லை. சில நிமிடங்களில் 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பிள்ளைகளும், அவர்கள் பரிசு பெறுவதைக் காண வந்த தாய்மாரும் ஆவர். மங்கல நாளில் இதனைக் கூறுவது முறையோ எனச் சிலர் எண்ணலாம். அவ்வூராரும் மங்கல நாள் என்றுதான் கூடினர்.

தமிழில் பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் சேஃப்டி என்றும் செக்யூரிட்டி என்றும் இரு சொற்கள் உண்டு. எவரும் தீங்கு நினையாமலே நேரும் கேட்டிலிருந்து காத்துக்கொள்வது ஒன்று; தீ, மின்சாரம், வெள்ளம், இடியும் சுவர் ஆகியவை அதிற்சேரும். தீங்கு நினைப்பவரிடமிருந்து காத்துக்கொள்வது மற்றொன்று. முன்னதைக் காப்பு என்றும், பின்னதைக் காவல் என்றும் இவ்வுரையில் வழங்குவோம். நம் சமுதாயத்தின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்து நின்றதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் கூரையைப் பற்றியே பேசவேண்டும். நம்மில் ஐம்பது வயதைக் கடந்தோர் கீற்றுக் கூரையின்கீழ்ப் பிறந்தவர்கள். நம் சங்கமும் ஒரு கீற்றுக் கொட்டகையில், ஓர் அரிக்கன் விளக்கொளியில் பிறந்ததே. கீற்றில் குளிர்ச்சி உண்டு. திருத்தணிப் பக்கத்து வெயிலில் அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அது நெருப்பின் உணவு. அதனைத் தமிழ்நாடு ஏழே ஆண்டுகளில் நான்கு முறை கண்டது. 1997 சூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தனர். 2004 சனவரி 23 அன்று, திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப் பந்தல் எரிந்து, மணமகன் உள்ளிட்ட 50-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணம் எரிந்தது.

தஞ்சை, திருவரங்கம், கும்பகோணம் ஆகிய மூன்றும் ஒரே பகலில் பேருந்தில் சென்று பார்த்துத் திரும்பக்கூடிய ஊர்கள். திருவரங்கத்துச் செய்தியை நாளிதழில் படித்த அதிகாரிகளும் தாளாளர்களும் ஆசிரியர்களும் கும்பகோணத்தில் இருந்தனர். ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிற ஊரில் எரிந்த கூரையைப் படித்துவிட்டுத் தம் தலைக்குமேல் உள்ள கூரையை எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வைக்கோற்போரையும் நெருப்பையும் அருகருகே வைத்து வள்ளுவர் கூறிய உவமையைப் பள்ளிப் பிள்ளைக்கு நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். அது எழுதப்பட்டுள்ள பாடநூலையும் கீற்றின்கீழ் வைத்தே நடத்தினோம்.

கும்பகோணத்தில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. மதிய உணவு சமைக்கும் இடத்தில் எழுந்த தீ அங்கிருந்த கீற்றைப் பற்றி, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்தவர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். எரிந்த கீற்றும் மூங்கிலும் அவர்கள்மேல் சரிந்தன. இறங்கும் வழி குறுகலானது. அன்று ஆடி வெள்ளிக்கிழமை. 94 குழந்தைகள் இறந்தனர். அக்குழந்தைகளுட் பலர் எளிய குடும்பத்தினர். அடுப்புக்கு அருகில், கூரைக்குக் கீழே, மாடிக்கு மேலே என்று வைக்கப்பட்டவர்கள்.

இதிலே இளைஞர்கள் கருதவேண்டிய ஒன்று உண்டு. அப்பள்ளிகள் அரசின் கண்ணுக்குத் தெரியாமல் காட்டில் நடந்தவை அல்ல. தமிழ்நாட்டில் ஒரு பள்ளி நடத்த வேண்டுமானால் கட்டட உறுதிச் சான்று வேண்டும், சுகாதாரச் சான்று வேண்டும், தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும், 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியரின் உரிமம் வேண்டும். தாள்களுக்குக் குறைவில்லை. நாமும் தலைமையாசிரியர் என்ற முறையில் இத்தகைய கோப்புகளை ஆண்டுதோறும் புரட்டியவர்களே. உண்மையைச் சொன்னால், சான்று கையில் வந்த நாளன்று ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியே முதற்பகை. சான்று என்பது ஒருவர் ஒருநாள் வந்து பார்த்ததற்கு அடையாளம். சில வேளை வந்து பாராததற்கும் அடையாளம். கூரை அத்தாளைப் படிப்பதில்லை.

வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 2014 சூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பதின்மரைத் தண்டித்துப் பதினொருவரை விடுவித்தது. 2017-இல் உயர்நீதிமன்றம் தண்டிக்கப்பட்டோருள் சிலரை விடுவித்து, சிலரின் தண்டனையைக் குறைத்தது. இவற்றினும் நமக்குப் பயன்படுவது உச்சநீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று, அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பார் தொடுத்த பொதுநல வழக்கில் வழங்கிய தீர்ப்பு. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இடிந்த கட்டடம், இருண்ட அறை, ஊருக்கு அப்பால் ஒதுக்கிய புறம்போக்கு ஆகியவையே நம் பிள்ளைகளுக்கென்று பெரும்பாலும் வந்தவை. ‘கிடைத்ததே பெரிது’ என்று வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் பிறரிடம் கேட்கும் நாம், நாமே நடத்தும் இடத்தில் அதனைக் கொடுக்கிறோமா என்பதுதான் இன்றைய வினா.

சென்ற வாரம் நம் சங்கக் கட்டடத்தை ஒருமுறை சுற்றிவந்தோம். இருபத்தைந்து ஆண்டுகள் பழகிய கண்ணால் பாராமல், முதல்முதலாகப் பிள்ளையைச் சேர்க்க வந்த தாயின் கண்ணால் பார்க்க முயன்றோம். கூடத்துக்கு இரண்டு கதவுகள் உள்ளன. பின்கதவு பூட்டப்பட்டிருந்தது. திறவுகோல் எங்கே என்றால், செயலாளர் வீட்டில் என்றனர். அக்கதவின்மேல் பழைய பெஞ்சுகள் சாத்தப்பட்டிருந்தன. சுவரில் ஒரே மின் இணைப்பிலிருந்து விசிறி இரண்டு, விளக்கு நான்கு, கணினி ஒன்று, கைப்பேசிகளுக்கு மின்னேற்றும் பலகை ஒன்று என எல்லாம் இழுக்கப்பட்டுள்ளன. கம்பியைத் தொட்டால் கை சுடுகிறது. தையற்பயிற்சி அறையில் துணிக்கழிவு மூட்டைகளின் பக்கத்தில் தேநீர் அடுப்பும் எரிவாயு உருளையும் உள்ளன. நன்கொடையாக வந்த தீயணைப்பான் ஒன்றும் உண்டு. அது எங்கே என்று தேடினோம். பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதன் அளவைமுள் பச்சைக் கோட்டைவிட்டுச் சிவப்பில் நின்றது.

இவற்றுள் எதனையும் எவரும் தீய எண்ணத்தால் செய்யவில்லை. பெஞ்சை வைக்க இடமில்லை, வைத்தார்கள். பீரோ வந்தது, நிறுத்தினார்கள். பேரிடர்கள் இவ்வாறுதான் கட்டப்படுகின்றன. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுக் காற்று கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதே, அங்கும் காப்புக் கருவிகள் இல்லாமல் இல்லை. நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் பொறி பல மாதம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆலையின் மதிலையொட்டிக் குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்களே முதலில் விழுந்தனர். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் நம் தீயணைப்பானும் அக்கோபுரமும் ஒரே இனந்தான்.

நம் ஊரில் தறியோசை கேளாத தெரு குறைவு. ஓர் இழை அறுந்தால் நெய்வோர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, பின்னரே ஓட்டுகிறார். சேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழுது முழுநீளமும் ஓடும். ஆனால் பொதுநிறுவனங்களை நடத்தும் நாம், அறுந்த இழையைக் கண்டால் ‘இன்று ஒன்றும் ஆகவில்லையே’ என்று கடந்துவிடுகிறோம். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில், பிள்ளைகள் அமர்ந்து உண்ணும் தாழ்வாரத்தின்மேல் சன்னல் மறைப்பின் காரை ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று காவலர் அதனைக் கூட்டி அள்ளினார். நாமும் ‘கடவுள் காத்தார்’ என்று கூறிக் கடந்தோம், எங்கும் எழுதவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதன் எஞ்சிய பகுதி பள்ளி வேளையில் விழுந்து ஒரு மாணவனின் தோள் எலும்பு முறிந்தது. தப்பிய விபத்து என்பது செலவில்லாமல் வந்த பாடம். அதனை எழுதி வைக்காமல் கூட்டி அள்ளியவர்களுள் நாமும் ஒருவர் என்பதனை இன்று இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின், நாம் கேட்பது ஒரு குறிப்பேடு. நூறு பக்கக் கோடிட்ட ஏடு ஒன்று போதும். அதிலே கண்ட இடர் என்ன, அதனால் துன்புறுவோர் யார், அது நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் கேடு எவ்வளவு, செய்யவேண்டியது என்ன, செய்வார் யார், எந்நாளுக்குள் என்று ஏழு பத்தி கோடிடுங்கள். வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கேட்டுக்கும் அவ்வாறே. இரண்டையும் பெருக்கினால் எதனை முதலில் கவனிப்பது என்பது ஓரளவு விளங்கும். சூடேறும் மின்கம்பிக்கு வாய்ப்பு 3, கேடு 5, ஆக 15. குழாயடிப் பாசியில் வழுக்குவதற்கு வாய்ப்பு 5, கேடு 2, ஆக 10. பெரிய ஆலைகளும் துறைமுகங்களும் வானூர்தி நிலையங்களும் செய்வது அடிப்படையில் இதுவே.

கணக்கு ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு குறையையும் கூறிவிடுகிறோம். நம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அது இவ்வாண்டு விழும் வாய்ப்பு 1 என்றே வைத்துக்கொள்ளுங்கள்; கேடு 5; பெருக்கினால் 5. கணக்குப்படி குழாயடிப் பாசி முன்னே போய்விடும், சுவர் பின்னே நிற்கும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதற்கு முந்தைய நாள் அச்சுவருக்கு மதிப்பெண் இட்டிருந்தால் எவ்வளவு இட்டிருப்போம்? ஆகவே, பிள்ளையின் உயிரை எடுக்கக்கூடியது எதுவோ, அதன் வாய்ப்பு எவ்வளவு சிறிதாயினும், அதனைச் சிவப்பு மையால் தனியே எழுதுங்கள். அந்தப் பக்கம் முடிந்த பின்னரே பெருக்கற் கணக்கு.

கண்ட இடருக்கு என்ன செய்வது? நம் நாட்டில் முதலில் செய்வது எச்சரிக்கைப் பலகை எழுதுவது. அது கடைசியில் செய்யவேண்டியது. இடரை அடியோடு நீக்க முடியுமா என்பது முதல் வினா. துணி மூட்டையின் பக்கத்தில் அடுப்பு எதற்கு? தேநீர் எதிர்க்கடையில் கிடைக்கிறது, அடுப்பே வேண்டாம். நீக்க முடியாததை மாற்றலாம்; பழைய கம்பியை எடுத்துவிட்டுத் தகுதியான கம்பி போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தடுப்பானையும் பொருத்தலாம். மாற்ற முடியாததைப் பிரித்து அப்பால் வைக்கலாம். இவை மூன்றும் இயலாதபோதுதான் ‘இதைச் செய்யாதே’ என்னும் விதி. பலகை அதற்கும் பின். பலகை எழுதுவதானால் தமிழோடு தெலுங்கிலும் எழுதுங்கள். நம் எல்லைப்புறத்தில் இரண்டும் பேசுவோர் வருகின்றனர். நெருப்புக்கு மொழிப் பற்று கிடையாது.

‘இவையெல்லாம் வசதியுள்ள நிறுவனங்களுக்கு, ஏழைச் சங்கம் என்ன செய்யும்?’ என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நாம் எழுதிய முதற்பட்டியலில் பதினான்கு இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்பதுக்கு ஒரு காசும் தேவையில்லை. பெஞ்சை நகர்த்தவும், வகுப்பு நடக்கும்போது பின்கதவின் பூட்டைக் கழற்றவும், பீரோவைத் தள்ளவும் நன்கொடைச் சீட்டு அடிக்கவேண்டுவதில்லை.

பணம் வேண்டுவது ஒன்றுதான். அதனைச் செயற்குழுவின் முன்னிலையிலேயே கூறிவிடுவது நேர்மை. வெள்ளி விழா நினைவாக மாடியில் தகரக் கூரையிட்ட வகுப்பறை ஒன்று கட்ட வரைபடம் தயாராகியுள்ளது. அறுபது பிள்ளைகள் அமரலாம் என்கின்றனர். மகிழ்ச்சி. ஏறி இறங்க இரண்டரை அடி அகலத்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு மட்டும் வரைந்துள்ளனர். நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கல்விக்கூடங்களின் படிக்கட்டுக்குக் குறிப்பது ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி. அகலமான படி ஒன்றும், எதிர்ப்புறத்தில் இறங்க மற்றொன்றும் வேண்டும். இதனால் அறை சிறிதாகும். அறுபது பேர் நாற்பதாகலாம். விழா ஆண்டுக்குள் திறக்க முடியாமலும் போகலாம். நன்கொடையாளர் பெயர்க்கல் ஓராண்டு காத்திருக்கட்டும். கும்பகோணத்தை இவ்வளவு நேரம் கேட்டபின் ஒற்றைப் படிக்கட்டுக்கு நம் கையொப்பம் கிடையாது என்பதனைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

இனிக் காவல். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட நம் மக்களுள் 44 பேர் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்தபோது தீவைத்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே கூரையும் நெருப்பும் தற்செயலாய்ச் சந்திக்கவில்லை. காப்பும் காவலும் ஒரே கூரையின்கீழ் நின்றதுண்டு என்று தொடக்கத்திற் கூறியது இதனைத்தான்.

கல்விச் சங்கத்தார் குறிப்பாக நினைக்கவேண்டிய வேறு இரண்டு உண்டு. 1995 ஆகஸ்டு 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்து நடத்திய அழிவிலும், 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் சூறையாடி எரிக்கப்பட்டபோதும், வீடும் நகையும் மட்டும் அழியவில்லை. பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் அழிந்தன. அழிப்போருக்கு எதனை அழித்தால் அடுத்த தலைமுறைக்கும் வலிக்கும் என்பது தெரிந்திருந்தது. நாமோ, மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் யாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு, வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ வைத்திருக்கிறோம். அதனைவிடக் கேடு, உதவித்தொகை விண்ணப்பத்துக்கென வாங்கிய மூலச் சான்றுகள் சிலவற்றைச் சங்க அலுவலகத்திலேயே திருப்பித் தராமல் வைத்திருப்பது. இம்மாத இறுதிக்குள் அவை உரியவர் கைக்குப் போய்விடவேண்டும். சங்கம் வைத்திருக்கவேண்டியது படிகள் மட்டுமே. அப்படிகளும் ஒன்று இங்கே, ஒன்று வேறோரிடத்தில். கணினி அறிந்த இளைஞர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஒவ்வொரு வீட்டுச் சான்றினையும் ஒளிப்படி எடுத்து, மைய அரசின் டிஜிலாக்கர் கணக்கிலும் சேர்த்துத் தரலாம். கடவுச்சொல்லைப் பெற்றோருக்கே கொடுத்துவிடுங்கள். சங்கத்துக் கரும்பலகையில் எழுதி வைக்காதீர்கள். சிரிக்கிறீர்கள். நூல்நிலையக் கணினியின் கடவுச்சொல் அங்கேதான் இருக்கிறது.

மிரட்டல் வந்தால் அதனைப் பேச்சோடு விட்டுவிடும் பழக்கமும் நமக்குண்டு. குடித்துவிட்டு வந்து கத்தினான், போய்விட்டான் என்போம். நாளும் நேரமும் சொன்ன சொல்லும் கண்டவர் பெயரும் அதே குறிப்பேட்டில் ஏறவேண்டும். காவல்நிலையத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புதல் பெறவேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. ஆனால் எழுதாத புகாரைப் புறக்கணித்ததாக எவரையும் நிறுத்த முடியாது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடியும் பூட்டும் வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதனை அறிந்தபின் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. பணப்பெட்டி, ரசீதுப் புத்தகம், பூட்டு ஆகியவை பற்றிப் பொருளாளர் நம்மினும் நன்கறிவார், அவற்றை விட்டுவிடுகிறோம்.

காவலில் மிகக் கடினமானது வெளியாரைப் பற்றியது அன்று; உள்ளே இருப்போரைப் பற்றியது. பிள்ளைக்குத் தீங்கு செய்வோன் பெரும்பாலும் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவன் என்பது ஆசிரியப் பணியில் நாம் கண்ட கசப்பான உண்மை. கற்பிக்க வரும் தொண்டர் யாராயினும், நம் உறவினராயினும், தனி அறையில் கதவைச் சாத்தி ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லக்கூடாது. தவறு நடந்ததாகப் பிள்ளை கூறினால், ‘சங்கத்தின் பெயர் கெடும்’ என்று மூடி மறைக்கக்கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தை நடத்துபவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணுக்கு நேராக, அவர்கள் உயரத்தில் எழுதுங்கள். தலைவரின் படத்துக்கு மேலே எழுதினால் பிள்ளை எப்படிப் படிக்கும்?

மழைக்காலம் நெருங்குகிறது. ஆந்திரப் பக்கத்து அம்மப்பள்ளி அணையில் நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி, நம் பள்ளிப்பட்டு வட்டத்துத் தரைப்பாலங்கள் மூழ்குவது நாம் அறிந்ததே. 2021 நவம்பரிலும் கண்டோம். வெள்ளம் முழங்காலளவு இருந்தாலும் ஓட்டத்தில் பிள்ளை நிற்க முடியாது. அணை திறக்கும் செய்தி வந்த நாளில் பாலத்துக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு இல்லை என்பதனைச் செயலாளரைக் கேட்காமலே வகுப்புப் பொறுப்பாளர் முடிவு செய்யலாம் என்று தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆறு காத்திருப்பதில்லை.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் முதல் ஆய்வு. இளைஞர் அறுவரும், தாய்மார் இருவரும், பிள்ளைகள் இருவரும் வந்தாற் போதும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். மேசைக்கு அடியில் இருப்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். கைவிளக்கு ஒன்றும் அளவுநாடா ஒன்றும் தேவை. தீயணைப்பானைப் புதுப்பிக்கும் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். புதுப்பித்து வந்தபின் ஊசியை உருவி, தீயின் அடியை நோக்கிப் பிடித்து, இருபுறமும் வீசி அடிக்கும் முறையைப் பெரியவர்கள் அனைவரும் ஒருமுறை கையாலே செய்து பார்க்கவேண்டும். குறிப்பேட்டை வாங்கி, ஏழு பத்திகளும் கோடிட்டு இம்மேசைமேல் வைத்திருக்கிறோம். முதல் வரியாக இப்பந்தலையும் ஜெனரேட்டரையும் எழுதியுள்ளோம். ‘செய்வார்’ என்னும் பத்தியில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் யாரேனும் இளைஞர் வந்து எழுதுக.